எட்டாவது அட்டையில் நான் கையெழுத்துப் போடவில்லை, ஐயா

அன்புள்ள போதகர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில் நடந்தது உங்களுக்கே தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நேரில் சொன்னதால் வந்த வினைதானே ஐயா இது! இரண்டு மாதத்துக்கு முன் உங்களில் ஒருவரிடம், மாலை ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, வாசலில் நின்றபடி என் இரவுநேரப் பழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, இருந்தாலும் சொல்லி முடித்தேன். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியதை நம்பித்தான் சொன்னேன். அது பிரசங்கத்தில் உதாரணமாகத் திரும்பி வரும் என்று யாக்கோபு எங்கேயும் எழுதவில்லை.

"நம் மத்தியிலேயே ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர், ராத்திரி கைப்பேசியில் அசுத்தத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லித் தருகிறார்" என்று போன ஞாயிறு மேடையிலிருந்து சொன்னீர்கள். பெயர் சொல்லவில்லை என்பது உண்மைதான், அதற்கு நன்றி. ஆனால் நம் ஞாயிறு பள்ளியில் ஆண் ஆசிரியர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் எழுபதைத் தாண்டியவர், இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். மீதிக் கணக்கைப் போட சபைக்கு அதிக நேரம் ஆகியிருக்காது.

வகுப்பிலிருந்து என்னை நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை. அது சரிதான், நானே கேட்டிருக்க வேண்டும். என் கேள்வி அதற்குப் பிறகு வரிசை வரிசையாகக் கொடுக்கப்பட்ட அந்த அட்டையைப் பற்றியது. "இந்தப் பாவத்தை இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்று தேவனுக்கு முன்பாக உடன்படிக்கை செய்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி.

அந்த மாதிரி அட்டை என் வேதாகமத்துக்குள் ஏற்கெனவே ஏழு இருக்கின்றன, ஐயா. எல்லாமே ரோமருக்கும் கொரிந்தியருக்கும் நடுவில். முதல் அட்டை வாலிபர் முகாமில் போட்டது, கையெழுத்து பெரிதாக, கீழே ஒரு கோடெல்லாம் இழுத்து, பத்திரப்பதிவு மாதிரி இருக்கும். நான்காவதில் பேனா எழுதாமல் பக்கத்திலிருந்தவரிடம் வாங்கினேன், அதனால் பாதிப் பெயர் நீலத்தில், பாதி பச்சையில். ஆறாவதில் மை பரவிக் கிடக்கிறது, அழுதுகொண்டே போட்டது. ஏழாவதில் வெறும் இனிஷியல்தான். அதிகபட்சம் நாற்பத்தொரு நாள் தாக்குப்பிடித்தேன். குறைந்தபட்சம், அட்டையில் போட்ட தேதி மாறுவதற்கு முன்பே. ஏழு முறையும் நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போடவில்லை என்பதையாவது தயவுசெய்து நம்புங்கள்.

விழுந்த பிறகு என்ன நடக்கும் என்று பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். மூன்று நாள் ஜெபிக்கமாட்டேன். யாரும் விதித்த தண்டனை இல்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்டது. இவ்வளவு அசிங்கத்தைப் பண்ணிவிட்டு உடனே எப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது, கொஞ்சம் நாள் ஒழுங்காக இருந்து காட்டிவிட்டு அப்புறம் போவோம் என்று தள்ளிப்போடுவேன். அந்த மூன்று நாளில் ஒரு வசனம்கூட உள்ளே போகாது, யாரிடமும் சரியாகப் பேசமாட்டேன், இராப்போஜன ஞாயிறாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். இரண்டாம் முறை விழுவது பெரும்பாலும் அந்த மூன்று நாளுக்குள்தான். அழுக்கு போன பிறகுதான் குளிக்கப் போவேன் என்று ஒருவன் அடம்பிடித்தால் எப்படியோ, அப்படி. தேவனுடைய கிருபையின் சிங்காசனமாகிய கிருபாசனத்தண்டையிலே தைரியமாய்ச் சேரக்கடவோம் என்று எபிரெயர் நிருபம் சொல்வது "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங்கிருபையை" அடைவதற்காகத்தான். விழுந்த அந்த இரவைவிட ஏற்ற சமயம் எது? ஆனால் அட்டையில் "ஒருபோதும்" என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த இரவில் கிருபாசனம் தெரிவதில்லை, வாக்குத் தவறிய கையெழுத்துதான் தெரிகிறது.

அதனால் கேட்கிறேன்: அந்த அட்டையை நிறுத்துங்கள்.

இயேசு பிடிபட்ட அன்று இரவு அவருடைய சீஷன் பேதுருவிடம் கேட்டிருந்தால், முதல் ஆளாக அட்டையில் கையெழுத்துப் போட்டிருப்பார். "நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்றார். சேவல் கூவும் வரைதான் தாங்கியது. பிறகு கடற்கரையில் இயேசு அவரிடம், இனி மறுதலிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடு என்று கேட்கவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார், ஆடுகளையும் அவர் கையில் கொடுத்தார். பேதுருவைத் தாங்கியது அவர் செய்த சபதம் இல்லை, அவர் விழுவதற்கு முன்பே "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொன்னவரின் ஜெபம். இது நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த பாடம்தானே?

கிருபை கிருபை என்று பேசினால் பாவத்துக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பயம் எனக்கும் உண்டு. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுலே கேட்டு, கூடாது என்று அவரே அடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் அதே அதிகாரத்தில், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் என்கிறார். அவபக்தியை வெறுக்க நமக்குப் போதிப்பதும் தேவகிருபைதான் என்கிறது தீத்துவுக்கு எழுதிய நிருபம். போதிப்பது என்றால் தினமும் வகுப்பு உண்டு, தப்பும் தவறும் உண்டு, திரும்ப எழுதுவதும் உண்டு. ரோமர் ஏழில், விரும்பாத தீமையையே செய்கிறேனே என்று புலம்பும் அந்த "நிர்ப்பந்தமான மனுஷன்" இரட்சிக்கப்படுவதற்கு முன் இருந்த பவுல் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். படிக்கும்போதெல்லாம் அது நான்தான்.

அன்றைய பிரசங்கத்திலேயே ஜான் நியூட்டன் கதையும் வந்தது. அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தவர், புயலில் கர்த்தரைக் கூப்பிட்டார், அன்றே மனிதன் மாறிவிட்டார் என்று சொன்னீர்கள். மீதிக் கதையையும் சொல்லியிருக்கலாம். புயல் 1748இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1754இல் கடலை விட்டதும் உடம்புக்கு முடியாமல் போனதால்தான். அந்த வியாபாரத்துக்கு எதிராக, தன் பங்கை ஒப்புக்கொண்டு அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து நாற்பது வருஷம்! அவர் செய்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு கொடுமை. ஆனால் தேவன் ஒருவனோடு நாற்பது வருஷம் பொறுமையாக வேலை செய்த கதையைச் சொல்லி முடித்த கையோடு எங்களிடம் ஒரே ஞாயிறில் கையெழுத்துக் கேட்பது எப்படி நியாயம்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புறங்கூறுவதற்கு ஏன் அட்டை இல்லை? போன கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலி பறக்காத குறையாக நடந்ததே, அந்தக் கோபத்துக்கு? பொருளாசைக்கு ஒரு அட்டை அச்சடித்தால் கட்டட நிதி என்ன ஆகும் என்ற பயமா? பழக்கமாகிவிட்ட பாவம் என்றால் எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் நடப்பது மட்டும்தானா? மேடையில் நடப்பதற்கு "சுபாவம்" என்று பெயர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

சரி, வரம்பு மீறிவிட்டேன். மன்னிக்கவும்.

உண்மையில் எனக்கு உதவியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக ஒரு சகோதரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இரவு பத்தரைக்குக் கைப்பேசியை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பேன், அதற்கு முன் அவரைக் கூப்பிடுவேன். முதல் மாதம் இரண்டு முறை விழுந்தேன். சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார், பிறகு, "சரி, இப்பவே ஜெபிப்போம். நாளைக்கும் கூப்பிடு" என்றார். மூன்று நாள் தண்டனைக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. அப்புறம் ஒரு முறைதான் விழுந்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அதற்கும் ஒரு அட்டை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்படிப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று கலாத்தியரில் வருகிறதே, மூலபாஷையில் அதே சொல்தான் மீனவர்களான யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. ஒவ்வொரு கண்ணியாக, உட்கார்ந்து செய்கிற வேலை. வலையிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

ஆகவே தாழ்மையாக மறுபடியும் கேட்கிறேன். அந்த அட்டையை நிறுத்துங்கள். ஒருவர் தனியாக வந்து சொன்னது, அவர் சம்மதம் இல்லாமல், பெயர் இல்லாமல்கூட, பிரசங்கத்தில் வராது என்று சபையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், பின்னால் இருக்கிற சின்ன ஜெப அறையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். மைக் வேண்டாம், காணிக்கைப் பை வேண்டாம், உங்களில் ஒருவர் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தால் சந்தோஷப்படுவோம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இரண்டு பேர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து பேசினார்கள், அதனால் நான் தனியாக வரமாட்டேன்.

எட்டாவது அட்டையை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜெப அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் ஒரு முன்னாள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்