கலிம்னோஸ் போகும் மகளுக்கு

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

அக்டோபரில் கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவுக்குப் பாறை ஏறப் போவதாக நீ அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கடல் பார்க்க வேண்டியவள் கல்லைப் பார்க்கப் போகிறாளாக்கும்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். அது சம்மதம்தான் என்பது உனக்கே தெரியும். நானும் தடுப்பதற்காக எழுதவில்லை. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கம்பிவடத்தோடும் ஷேக்கிளோடும் கிடந்தவன், கயிறு என்ற பேச்சு வந்தால் சும்மா இருக்க முடியுமா?

உன் பட்டியலில் 70 மீட்டர் கயிறு என்று எழுதியிருக்கிறாய். மியூனிக்கில் நீ பழகும் உள்ளரங்கச் சுவருக்கு அது தாராளம். கலிம்னோஸில் 35 மீட்டரைத் தாண்டும் ஏறுபாதைகள் நிறைய இருக்கின்றன. 40 மீட்டர் வரை போகிறவையும் உண்டு. உச்சியிலிருந்து உன்னை இறக்கும்போது கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும். 38 மீட்டர் உயரத்துக்கு 76 மீட்டர் வேண்டும். உன்னிடம் இருப்பது 70. நீ தரையைத் தொடுவதற்கு முன்பே கயிற்றின் வால், கீழே கயிறு பிடிப்பவளின் இடுப்பில் இருக்கும் பெலே கருவிக்குள் புகுந்து வெளியே போய்விடும். பிடித்திருப்பவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. ஏறும்போது விழுபவரைக் கயிறு காப்பாற்றும். இந்த விபத்து இறங்கும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் தளரும் நேரத்தில் நடப்பது. ஆகவே 80 மீட்டர் வாங்கு. வாங்கினாலும் வாலில் முடிச்சுப் போடு. பாதை சிறியது, முடிச்சு எதற்கு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது இரும்பு. கயிற்றை மாட்டுவதற்காகக் கடலோரப் பாறையில் அடித்த எவர்சில்வர் போல்ட் வெளியே பளபளப்பாக இருக்கும். உப்பு உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். இதைத் துறைமுகத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தீவில் பழைய போல்ட்களைக் கழற்றிப் புதிதாக மாற்றும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆனாலும் துருக்கறை வழிந்திருந்தால், போல்ட்டில் மாட்டிய தட்டு ஆடினால், அந்தப் பாதையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. பாதைக்கா அங்கே பஞ்சம்?

நீ போகும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1990களின் பிற்பாதியில் ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியர் விடுமுறைக்கு வந்து, அந்தச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்துவிட்டு முதல் பாதைகளைப் போட்டாராம். அதற்கு முன்பு அது கடற்பஞ்சு எடுப்பவர்களின் தீவு. தட்டையான கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். படகில் இருப்பவர் கயிற்றால் மேலே இழுப்பார். நம் முத்துக்குளித்துறையிலும் கல்லோடுதான் இறங்கினார்கள். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும், தன் தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று உன் தாத்தா சொல்வார். 19ஆம் நூற்றாண்டில் தலைக்கவசத்தோடு கூடிய முக்குளிப்பு உடை வந்ததும் கலிம்னோஸ்காரர்கள் இன்னும் ஆழத்துக்குப் போய், அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தார்கள். இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி எத்தனையோ பேர் இறந்தார்கள், எத்தனையோ பேருக்குக் கால் விளங்காமல் போனது. கோலூன்றி நடுங்கும் அந்தக் கால்களை நடித்துக் காட்டும் ஆட்டம் ஒன்றே அங்கே இருக்கிறது, மிகானிகோஸ் என்று பெயர். வாய்த்தால் பார்.

உன்னோடு வரும் மூன்று பேரில் யார் உனக்குக் கயிறு பிடிக்கப் போகிறார்கள்? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பேச்சில் கலகலப்பானவர் வேண்டாம். நீ மேலே இருக்கும்போது கைபேசியைத் தொடாதவர், ஒவ்வொரு முறையும் உன் முடிச்சைப் பார்த்துவிட்டுத் தன் கருவியையும் உனக்குக் காட்டுபவர் யாரோ, அவரே போதும்.

காலம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். கோடையில் அந்தப் பாறை அடுப்புக்கல்லாகிவிடும். அந்தத் தீவின் மசூரி என்ற ஊருக்கு மேலே உள்ள பாறைகள் மேற்கு பார்த்தவை, பகல் வரை நிழல் இருக்கும். ஆகவே காலையில் ஏறிவிட்டுப் பிற்பகலில் கடலில் குளி. கிராண்டே குரோட்டா குகையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப் பார்த்து முதல் நாளே ஆசைப்படாதே. அரங்கத்தில் கடினத் தரம் 6 பாதையை ஏறுகிறவள் அங்கே 5இல் தொடங்கு. எதிரே உள்ள தெலெந்தோஸ் தீவுக்கு மிர்தியேஸ் துறையிலிருந்து படகில் பத்து நிமிடம்தான்; திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போ.

பக்கத்துத் தீவான கோஸ் வரை விமானம், அங்குள்ள மஸ்திகாரி துறையிலிருந்து படகு என்று போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் திரும்பும் நாளில் படகுக்கும் விமானத்துக்கும் இடையே நாலு மணி நேரம்தான் விட்டிருக்கிறாய். காற்று எழும்பினால் படகு போகாது. முந்தைய நாளே கோஸுக்கு வந்து தங்கு. ஸ்கூட்டர் வேண்டாம், மசூரியில் தங்கினால் பெரும்பாலான பாறைகளுக்கு நடந்தே போகலாம். மலையேறுவோர் சங்கமான ஆல்பைன் கிளப்பின் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துவிடு, மீட்புக் காப்பீடு அதில்தான் இருக்கிறது.

80 மீட்டர் கயிற்றின் விலை என்ன என்று எழுது. பாதியை நான் அனுப்புகிறேன். அம்மா கடற்பஞ்சு ஒன்று வேண்டும் என்கிறாள், பாத்திரம் துலக்கவா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி