அண்ணாவுக்கு, பாப்பாவோட பொறந்த நாளுக்கு முன்னாடி

அண்ணா,

நோம்பியன்னைக்கு அத்தனை சனத்துக்கு முன்னாடி, பாப்பா கையில நீங்க குடுத்த 500 ரூபாய் நோட்டை வாங்கி உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தது உங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு தெரியும். மன்னிச்சுக்கங்க. தாய்மாமன் குடுக்கறதைத் தடுக்கறவ நம்ம பக்கம் யாரு இருக்கா? ஆனா தனியாவும் சொல்லிப் பாத்தேன். "என்ற மருமவளுக்குக் குடுக்க உன்னைக் கேக்கோணுமா"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டீங்க. இப்ப நீங்களும் அண்ணியும் போனை எடுக்கறதில்லை. அதனால இங்க எழுதறேன்.

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பணம் கண்ணுல படறதே இல்லீங்கண்ணா. கடையில நான் போனைக் காட்டறேன், பெட்டி சத்தம் போடுது, சாமான் பைக்குள்ள வந்துருது. அதுக்காகவே ஞாயித்துக்கிழமை சம்பத் நகர் உழவர் சந்தைக்கு நோட்டும் சில்லறையுமா எடுத்துட்டுப் போறோம். பாப்பா கையில 100 ரூபாய் குடுத்துருவேன். வெலைப் பலகையைப் படிச்சு, வாய்க்குள்ளயே பெருக்கிப் பாத்துட்டு, "வெங்காயம் அரைக்கிலோ போதுங்க்கா, ஒரு கிலோ வாங்குனா கீரைக்குப் பத்தாது"ன்னு சொல்றா. வாங்குனது, மீந்தது எல்லாம் ஒரு நோட்டுல எழுதறா. வாரம் அவளுக்குன்னு தர்ற 50 ரூபாயில இறகுப்பந்து மட்டைக்குச் சேத்துட்டிருந்தா. ஒரு வாரம் முறுக்குக்கும் ஐஸுக்கும் மொத்தத்தையும் தீத்துட்டு வந்து அழுதா. நான் மேக்கொண்டு ஒரு ரூபாய் குடுக்கலை. மனசு கேக்கலைதான், ஆனா குடுக்கலை.

நோம்பியன்னைக்குக் காலையில அந்த நோட்டு எழுதாம கெடந்துச்சு. ஏன்னு கேட்டேன். "எதுக்கும்மா எழுதோணும்? மாமா வர்றாங்கல்ல, மாமா தருவாங்க"ன்னா.

அந்த வார்த்தை என்னைய எங்க கொண்டு போயி விட்டுச்சுன்னு உங்களுக்குப் புரியுமான்னு தெரியலை. அப்பா மஞ்சளை மண்டியில வித்துட்டு ஈரோட்டுல இருந்து வந்து திண்ணையில உக்காந்த அந்தச் சாயங்காலம். துண்டை விரிச்சு மண்டிச் சீட்டை வெச்சு, விரலி எத்தனை மூட்டை, கெழங்கு எத்தனை, குவிண்டாலுக்கு என்ன வெலை, கூலி போக, கமிஷன் போகக் கைக்கு எவ்வளவுன்னு உங்களைக் கேட்டாரு. நீங்க ரெண்டு தடவை தப்பாக் கழிச்சீங்க. நான் வாசல் நெலவுக்கிட்ட நின்னுட்டு விடையைச் சொன்னேன். அப்பா நிமுந்து பாத்தாரு. கோவமெல்லாம் இல்லை, சந்தோசமாத்தான் பாத்தாரு. பாத்துட்டு, "அம்மிணி, போயி அண்ணனுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா"ன்னாரு.

கொண்டாந்து குடுத்தேன். திரும்பி வர்றதுக்குள்ள கணக்கு முடிஞ்சிருந்துச்சு.

அடுத்த நாள் அந்தச் சீட்டை யாருக்கும் தெரியாம என்ற பள்ளிக்கூடப் பைக்குள்ள வெச்சது நீங்கதான். நாலா மடிச்சு. பென்சிலால ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல என்னன்னு எழுதியிருந்தீங்க. அப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்?

அதே அண்ணன்தான் பிற்பாடு கார்ல கூட்டிட்டுப் போயி, சொத்துல என்ற பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரத்துல "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு வெரலை வெச்சுக் காட்டுனது. அதுல என்ன தொகை எழுதியிருக்குன்னு நான் படிக்கலை. படின்னு யாரும் சொல்லவும் இல்லை. தமிழ்நாட்டுல 1989லயே கல்யாணமாகாத பொண்ணுக்குக் குடும்பச் சொத்துல சட்டம் பங்கு குடுத்துச்சு, 2005ல கல்யாணமானவளுக்கும் வந்துருச்சுன்னு கையெழுத்துப் போட்டு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். இதுக்கு மேல இங்க எழுதலை. நம்ம ஊரு சனமும் படிக்கும். பங்கு கேட்டு எழுதறேன்னு யாராச்சும் சொன்னா அது பொய். சீரு செனத்தியில நீங்க ஒரு கொறையும் வெக்கலை, அதையும் இங்கயே சொல்லிடறேன். ஆனா ஒவ்வொரு தடவை அந்த 500 ரூபாய் நோட்டு வரும்போதும் எனக்கு அந்தப் பத்திரம்தான் ஞாபகம் வருது. உங்க மனசுல அப்படி எதுவும் இல்லைன்னு தெரிஞ்சும் வருது.

பாப்பாவுக்கு ஐப்பசியில 10 வயசு முடியுது. 10 வயசாயிட்டா தபால் ஆபீசுல புள்ளைங்க தன் பேருலயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம். 500 ரூபாய் இருந்தாப் போதும். செல்வமகள் கணக்கு வேற. அது நாங்க கட்டறது, அவளுக்கு 18 வயசாகற வரைக்கும் எங்க பொறுப்புலதான் இருக்கும். இது அவளுது. போடறதும் எடுக்கறதும் அவ. என்ற மக முதமுதல்ல போடற கையெழுத்து அவ பணத்துக்காக இருக்கோணும், படிச்சுப் பாத்துட்டுப் போடோணும்னு முடிவு பண்ணிட்டேன். இனி கையில நோட்டுக் குடுக்காதீங்கண்ணா. அண்ணிகிட்டயும் சொல்லிருங்க.

உங்களை வெலக்கி வெக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. உங்க மடியில உக்கார வெச்சுத்தான் அவளுக்குக் காது குத்துனோம். அந்த எடத்துல வேற யாரும் வர முடியாது. அவளுக்கு உங்ககிட்ட வேணும்கறது வேற. உங்களுக்கு மண்டிக் கணக்கு அத்துபடி, எனக்கு அந்த ஒரு சீட்டோட நின்னு போச்சு. உக்கார வெச்சு அவளுக்குச் சொல்லிக் குடுங்க. நடுவுல தண்ணி கொண்டாரச் சொல்ல வேண்டாம், நான் கொண்டாறேன்.

கணக்குத் தொடங்கற 500 ரூபாயை அவளே சேத்துட்டா. மட்டையை அடுத்த வருசம் வாங்கிக்கறாளாம். அன்னைக்கு நீங்க வெறுங்கையோட வாங்க.