தவணை கேட்கும் குழுவிடம் மனதைத் திறக்க முடியாது

மாநகராட்சியின் பொது சுகாதாரத் துறையிலும் மகளிர் திட்டத்திலும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். நான் சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவள். 11 ஆண்டுகள் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து தீர்மானப் புத்தகம் எழுதியவள். சென்ற மாதம் ஒரு கூட்டத்தில், குடும்பங்களின் மன பாரத்தைக் குறைக்க எங்கள் பகுதியில் பேச்சுக் குழுக்கள் தொடங்கலாம் என்று சொன்னார்கள். கேட்கவே நன்றாக இருந்தது. கூடவே, "சுயஉதவிக் குழுக்கள்தான் இருக்கின்றனவே, அவர்களிடமே கொடுத்துவிடலாம்" என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

குழுவைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்தச் சுயஉதவிக் குழுத் திட்டம் இல்லையென்றால், நான் வங்கிப் படியே ஏறியிருக்கமாட்டேன். ஆனால் இன்று எங்கள் பிளாக்கில் குழு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, நாங்கள் சேர்ந்து சேமிக்கும் குழு. மற்றது, நிதி நிறுவனங்கள் சில பெண்களைக் கூட்டிக் கடன் கொடுத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களைக் கட்டவைக்கும் குழு. இரண்டிலும் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அதே முகங்கள்.

மூன்றாவது மாடியில் ஒருத்தி இருந்தாள். கணவர் பெயின்டர், மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும். தவணை நாளில் கதவை வெளியே பூட்டச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு பிள்ளையோடு உள்ளேயே இருப்பாள். பிள்ளை இருமிவிடக் கூடாதே என்று வாயைப் பொத்துவாளாம். அந்தக் கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் கட்டாத பணம் என் தலையில் அல்லவா விழும்! மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் சட்டம் வந்துவிட்டது. தட்டுவது பக்கத்து வீட்டு அக்கா என்றால் யார்மீது புகார் கொடுப்பது? அந்த அக்கா நடத்தும் கூட்டத்தில் உட்கார்ந்து, மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்?

எங்கள் பக்கம் யாரும் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கைகால் குடைகிறது என்பார்கள். கிளினிக்கில் ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புவார்கள். மனநலம் என்று வாயெடுத்தால் கீழ்ப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். 1794 முதல் இயங்கிவரும் மருத்துவமனை அது. எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது. ஆனாலும் தெருச் சண்டையில் அந்த ஊரின் பெயரே வசவு. ஆகவே குழு நடக்கும் இடத்தில் 'மனநலம்' என்று போர்டு வைக்காதீர்கள். ஆரம்ப காலத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. அதற்குள் அழுவதற்கும் இடம் கிடையாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழவேண்டும். அதுவும் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து.

நர்சிங் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னாள். உகாண்டா நாட்டுக் கிராமங்களில் நடந்தது, 2003-இல் வெளியானது. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், 16 வாரங்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆண்களுக்குத் தனிக் குழு, பெண்களுக்குத் தனிக் குழு. கலந்துகொண்டவர்களின் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை எட்டு அமர்வுகளாகச் சுருக்கிக் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. அதில் விசாரிப்பது நான்கே விஷயங்களாம்: யாரை இழந்தாய், யாரோடு பிணக்கு, வாழ்க்கையில் என்ன மாறிப்போனது, யாருமில்லாமல் தனித்துப்போனாயா. இந்த நான்குக்கும் எங்கள் படிக்கட்டிலேயே பதில் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் குடிசைகளிலிருந்து சாமான்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள்தானே நாங்கள்? கூப்பிட்டால் ஓடிவரும் சித்தி ஒரு பிளாக்கில், அம்மா வேறொரு ஊரில். அந்த இழப்பை இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை.

உகாண்டாவில் ஆண்களைத் தனியே உட்காரவைத்தார்களே, அது மிகச் சரி. புருஷன் பக்கத்தில் இருந்தால் பெண்டாட்டி சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். மீறிப் பேசினால் வீட்டுக்குப் போனதும் அதற்கு வேறு பஞ்சாயத்து. குடும்பமாக உட்காருவது பிறகு நடக்கட்டும், ஒரு மாதம் கழித்து. ஆண்களைப் பேச வா என்றால் வரமாட்டார்கள். கேரம் போர்டு இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகவேண்டும். காயைச் சுண்டிக்கொண்டே சொல்வான், மகன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று.

பூட்டிய வீட்டுக்காரி பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் என்னிடம் பேசினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் கூடுகிறோம். பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நிதி நிறுவனத்துக்கு அவளோடு நாங்களும் போய் உட்கார்ந்து, தவணையைச் சின்னதாக்கி வாங்கினோம். இப்போது தூங்குகிறாள். ஆனால் எங்களுக்குத் தெரியாதது நிறைய. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்ன அன்று எனக்குக் கைகால் ஓடவில்லை. 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களும் தெரிந்திருந்ததால் போன் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது, அன்றிரவு யார் கூட இருப்பது என்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

ஆகவே நடத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது மனநல மருத்துவர் ஒருவர் அவர்களோடு உட்காரட்டும். சம்பளமும் கொடுங்கள். 'சேவை' என்று சொல்லி ஏற்கெனவே நிறைய வேலை வாங்கிவிட்டீர்கள். நடத்துகிறவள் எங்கள் ஊர்க்காரியாக இருக்கட்டும், ஆனால் வேறு பிளாக்காக இருக்கட்டும்; இங்கே ஒரு குடம் நிரம்புவதற்குள் பேச்சு தரைத்தளத்திலிருந்து மேல்மாடிக்குப் போய்விடும். கடன் கொடுப்பவளாகவோ வசூலிப்பவளாகவோ அவள் இருக்கவே கூடாது. விடியும் முன்பே வீட்டு வேலைக்கும் ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களைப் பெருக்கவும் கிளம்பும் பெண்ணுக்கு, பகல் 11 மணிக் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிறு மாலை வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ஒரு டீ, போதும்.

இடமும் வேண்டும். 2020-இல் எங்கள் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நாங்கள் கேட்பது சுவருக்கு உட்புறம் ஓர் அறை, தாழ்ப்பாளோடு.

ஞாயிறு நான்கு மணிக்கு மாடியில் இருப்போம். வந்து பாருங்கள். புகைப்படக்காரர் வேண்டாம்.

இப்படிக்கு,
கதவைத் தட்டிய ஒருத்தி,
கண்ணகி நகர், சென்னை