ஹீற்றர் சுவிச்சை அணைத்தால் கரண்ட் கூடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

மாரி தொடங்கிவிட்டால் களுவாஞ்சிக்குடியில் இருந்து கல்முனை வரைக்கும் நான் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் ஒரே கதைதான். பாத்ரூமில் ஹீற்றர் பூட்டினோம், பில் ஏறிவிட்டது, மீற்றரில் ஏதும் பிழையோ பாருங்கோ என்பார்கள். மீற்றரில் ஒன்றும் இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தால் ஹீற்றரின் சிவப்பு லைட் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். ஏன் அணைப்பதில்லை என்று கேட்டால், அணைத்து அணைத்துப் போட்டால்தான் கூடக் கரண்ட் இழுக்குமாம், கடையில் சொன்னார்களாம்.

இது சுத்தப் பிழை. தாங்கிக்குள் இருக்கிற சுடுதண்ணீர் யாரும் குளிக்காவிட்டாலும் வெளியே சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் தண்ணீரைச் சூடாக்குகிற கொயில் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. அணைத்துவிட்டால் தண்ணீர் ஆற ஆற இழப்பும் குறையும், பிறகு போடும்போது இழந்ததை மட்டும் ஈடு செய்தால் போதும். 15 லீற்றர் தண்ணீரை 28 பாகையில் இருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக அரை யூனிற்றுக்குச் சற்றுக் கூடத்தான் செலவாகும். 1500 வாட் கொயில் என்றால் 20, 25 நிமிடம். குளிக்கப் போகுமுன் போடுங்கோ, சூடானதும் அணையுங்கோ, அவ்வளவுதான்.

தாங்கி இல்லாமல் ஷவரோடு பூட்டும் ஹீற்றர் என்றால் கணக்கு வேறு. 3500 வாட்டில் நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் நின்றால் மாதம் 70 யூனிற் அதற்கு மட்டுமே போகும். மாதப் பாவனை 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றுகளுக்கும் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும், பில்லைப் பார்த்து நெஞ்சு பதறுவது இதனால்தான். அதே ஆள் 20 லீற்றர் வாளியில் கலந்து குளித்தால் பாதிச் செலவில் முடிந்துவிடும்.

"கரண்ட் மிச்சம் பிடிக்கிற கொயில்" என்று சொல்லி விற்பதையும் நம்பாதீர்கள். எந்தக் கொயிலும் இழுக்கிற கரண்ட் முழுவதையும் சூடாகத்தான் மாற்றும், அதில் நல்லது கெட்டது கிடையாது. மிச்சம் பிடிக்க வேண்டியது தண்ணீரின் அளவிலும் சூட்டின் அளவிலும், அப்புறம் பைப்பின் நீளத்திலும்தான். ஹீற்றர் ஒரு மூலையில், ஷவர் 30 அடி தள்ளி என்று கட்டிவிடுகிறார்கள். அந்த அரை இஞ்சி பைப்புக்குள் ஒரு லீற்றருக்கு மேல் சுடுதண்ணீர் ஒவ்வொரு முறையும் நின்று ஆறிப்போகிறது. வீடு கட்டும்போதே மேசனிடம் சொல்லி வைத்தால் செலவில்லாத வேலை இது.

நாங்கள் குளிர் மலைநாடான நுவரெலியாவில் இருக்கவில்லை. இங்கே பைப்பில் வருகிற தண்ணீரே வெதுவெதுப்புக்குக் கிட்டத்தான், குளிக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏற்றினால் போதும். வெயில் எறிக்கிற நாளில் மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கித் தண்ணீர் மத்தியானம் அதையும் தாண்டிவிடும். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் அந்த நேரம் குளிக்க வார்த்தால் ஹீற்றரே தேவையில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் இலைகள் அவித்து வார்க்கிற வேதுத் தண்ணீருக்கு எப்படியும் அடுப்புத்தான்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று. கொயிலைக் கழற்றினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு போல் படிந்திருக்கும். அதனால் பில் பெரிதாக ஏறாது, ஆனால் சூடு வெளியே போக வழியில்லாமல் கொயில் எரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மெயின் சுவிச்சை அணைத்துக் கழற்றித் துப்பரவாக்குங்கோ. கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச் வேலை செய்யாத வீட்டில் ஹீற்றரே பூட்டக் கூடாது, நான் பூட்டுவதுமில்லை.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹீற்றர் எத்தனை வாட், எத்தனை லீற்றர், பத்து நிமிடம் பாவித்தால் எத்தனை யூனிற் என்று தமிழில் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுங்கோ. அணைக்க வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வயரிங் தொழிலாளி ஒருவர்,
களுவாஞ்சிக்குடி