சேலத்துக்கும் ஒரு ஸ்பெஷல் கவர் போடலாமேங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

அக்டோபர் 9 உலக அஞ்சல் தினத்துக்கு முன்னாடி இதை எழுதி அனுப்பிடலாம்னு தோணுச்சு. ஊர்களோட ஆண்டு விழாவுக்குன்னு வர்ற ஸ்டாம்ப மட்டும் சேர்க்கற ஆளு நான். பூ, பறவை, தலைவருங்கன்னு கெடைச்சதெல்லாம் வாரிப் போட்டா ஆல்பம் ரொம்பிடும், பார்க்கறவங்க மனசுல ஒன்னும் நிக்காது, இது என் அபிப்பிராயம், மத்த கலெக்டருங்க சண்டைக்கு வராதீங்க.

இந்த வகையில கனடாக்காரங்க கியூபெக் நகரத்தோட 300ஆவது வருஷத்துக்கு 1908ல போட்ட எட்டு ஸ்டாம்ப் செட்டு ரொம்ப பேரு சொல்ற ஒன்னு. அப்புறம் 1947ல மாஸ்கோ 800, 1951ல அமெரிக்காவுல டெட்ராய்ட் 250, இதுல 1701ல அங்க வந்து எறங்குன ஆளுங்களையும் இப்ப இருக்கற ஊரோட கட்டடங்களையும் ஒரே ஸ்டாம்புல வரைஞ்சிருப்பாங்க, அந்த குட்டி எடத்துல 250 வருஷத்தையும் காட்டிட்டாங்க பாருங்க. நம்ம நாட்டுல 1990ல கல்கத்தா 300க்கு வந்துச்சு. புது டில்லிக்கோ வயசே ஆகல, 1931ல தொறப்பு விழாவுக்கே ஆறு ஸ்டாம்ப், அதுலயும் கால் அணா ஸ்டாம்புல பழைய கோட்டை புராணா கிலாவ போட்டு புது ஊருக்கு ஒரு பழமைய ஒட்ட வச்சுட்டாங்க, வெள்ளக்காரன் வெவரமானவன்தான்.

சரி நம்மூருக்கு வர்றேன். சேலம் 1866ல நகராட்சி ஆச்சு, 1994ல மாநகராட்சி. 2016ல 150 வருஷம் வந்துச்சு போச்சு, என் ஆல்பத்துல சேலத்துக்குன்னு வச்ச பக்கம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. அதுக்குப் பக்கத்துல 1978ல ராஜாஜி நூற்றாண்டுக்கு வந்த ஸ்டாம்ப ஒட்டி வச்சிருக்கேன், 1917ல நம்ம நகராட்சி சேர்மனா இருந்தவர்தானே, ஒரு வகையில சொந்தம் கொண்டாடிக்கலாம்.

அடுத்து 175னு பார்த்தா 2041 ஆயிடும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்லீங்க. ஸ்டாம்ப்னா டெல்லியில கமிட்டி பார்த்து முடிவு பண்ணணும், வருஷக்கணக்குல இழுக்கும். ஸ்பெஷல் கவர் அப்படியில்ல, மாநில அஞ்சல் வட்டமே வெளியிடலாம், உறை மேல ஒரு படம், ஏற்கனவே இருக்கற ஸ்டாம்ப் ஒன்ன ஒட்டி அன்னைக்குன்னே செஞ்ச ஒரு முத்திரைய குத்துவாங்க. அந்த முத்திரைதான் கலெக்டருக்கு உசுரு. படத்துக்கா நம்மகிட்ட பஞ்சம்? ஏற்காடு ரோட்டுல நிக்கற, பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவு இருக்கு, செவ்வாய்ப்பேட்ட வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்ட தறி, வெள்ளைக்கல் சுரங்கம்னு எத வேணா போடலாம். தயவு செஞ்சு மாம்பழம் மட்டும் வேண்டாம், அத எல்லாரும் போட்டாச்சு.

முத்திரையும் ஒழுங்கா விழணும்ங்க. ஒரு கவுண்டர்ல மெதுவா குத்துங்கன்னு கெஞ்சிக் கேட்டும் படார்னு அடிச்சு மை ஸ்டாம்ப் மூஞ்சி பூரா ஈஷிடுச்சு, அத தூக்கியும் போட முடியல ஆல்பத்துல வைக்கவும் முடியல.

புதுசா ஆரம்பிக்கற பசங்களுக்கும் ஒன்னு சொல்லிக்கறேன். ஏற்காட்டுல எஸ்டேட்ல இருந்த எங்க பெரியப்பாதான் எனக்கு இந்த பைத்தியத்த புடிக்க வச்சாரு, அங்க போர்டிங் ஸ்கூல் பசங்களுக்கு வெளிநாட்டுல இருந்து லெட்டர் வரும், உறைய வாங்கி ஸ்டாம்ப சுத்தி பேப்பரோட வெட்டி தண்ணியில போட்டு வச்சா அதுவா கழண்டு வரும், அப்புறம் குப்புற போட்டு காய வைக்கணும், ஆனா இப்ப வர்ற ஸ்டிக்கர் டைப்புக்கு இது சரிப்படாது, பேப்பரோடயே வெட்டி வச்சுக்கங்க. மலையில மூடுபனி காலத்துல புது ஸ்டாம்போட கோந்து இளகி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், அதனால ஆல்பத்த படுக்கப் போட்டு மேல எதையும் அடுக்காதீங்க, நிக்க வைங்க. ஆறாவதுல இருந்து ஒம்போதாவது வரைக்கும் படிக்கற பசங்களுக்கு ஸ்டாம்ப் சேகரிக்கறதுக்குன்னே அஞ்சல் துறை 2017ல இருந்து தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை வச்சிருக்கு, வருஷம் 6000 ரூபாய், நம்ம பக்கம் பாதி டீச்சருங்களுக்கே இது தெரியல.

மாநகராட்சியும் அஞ்சல் துறையும் உக்காந்து பேசுனா கவர் விஷயம் பெரிய வேலையில்ல. நகராட்சி ஆன தேதியிலயே வச்சா பொருத்தமா இருக்கும். கவர் வந்தா தலைமை தபால் நிலையத்துல மொத ஆளா நான் நிப்பேன்.

இப்படிக்கு,
குகை, சேலத்துலருந்து ஒரு வாசகர்