மைக் பிடிக்காத பிள்ளைகளுக்கு எங்கள் ஊரின் நன்றி

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக மாசி மாதம் எங்கள் ஊரில் வந்து தங்கிய கல்லூரி மாணவ மாணவியருக்கும், அவர்களை வழிநடத்திய மாணவத் தலைவர்களுக்கும், ஊர்ப்புற நூலக வாசகர் வட்டம் சார்பில் எழுதும் மடல்.

அன்புப் பிள்ளைகளே,

நிறைவு விழாவில் உங்களுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள், கை தட்டினார்கள். ஆனால் அன்று மேடையில் பெயர் வாசிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் முகாமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். (ஊர் வழக்கம் அப்படி, என்னால் மாற்ற ஆகாது.) வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட நீங்களோ அந்த நேரம் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் தனியாக இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

சிறப்பு முகாம் என்றாலே எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. ஏழு நாள் இருப்பார்கள், ஊருணிக் கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டுவார்கள், மரக்கன்று நட்டுப் போட்டோ பிடிப்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். நீங்களும் கருவேலம் வெட்டினீர்கள், நன்றாகவே வெட்டினீர்கள். அடுத்த மழைக்கு அது துளிர்த்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் எழுத வந்தது நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நீங்கள் நடத்திய சாயங்கால நிகழ்ச்சிகளைப் பற்றி.

அச்சடித்துக் கொண்டுவந்த நிகழ்ச்சி நிரலில் 'மாலை 5 மணி, சிறுவர் மற்றும் இளையோர் நிகழ்ச்சி' என்று இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மாசி என்பது மிளகாய்ப் பழம் பறிக்கிற காலம். ஐந்து மணிக்குக் களத்தில் காய்கிற பழத்தைக் கூட்டி அள்ளி, பனி இறங்குவதற்குள் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சின்னக் கையும் அதற்கு வேண்டும். முதல் நாள் பந்தலில் உங்கள் ஆட்களைத் தவிர யாரும் இல்லை. தலைமை ஏற்றிருந்த வேதியியல் மூன்றாமாண்டுப் பிள்ளை அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை, மைக்கில் கூப்பிட்டுக் கத்தவுமில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே களத்துக்குப் போனாள். கூட உட்கார்ந்து பழம் அள்ளியபடியே எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். மறுநாள் நிகழ்ச்சி ஆறரைக்கு மாறியது, பந்தல் நிறைந்தது. காரம் ஏறிய கை இரண்டு நாளைக்கு எரிந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

ஆறரை என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. பையன்கள் வருவார்கள், பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா வாசலில் வைத்தே கேட்டுவிட்டார். "ஏன் தாயி, பொழுது போனப்புறம் பொம்பளப் பிள்ளைய அனுப்பச் சொல்றியே, திருப்பிக் கொண்டாந்து விடுறது யாரு?"

"நான்தான் அப்பத்தா. வாசல்ல விட்டு, நீங்க உள்ள கூப்பிட்ட பிறகுதான் நகருவேன்."

சொன்னபடி செய்தீர்கள். தெருவுக்கு இரண்டு மாணவியர் என்று பிரித்து, டார்ச் லைட்டோடு வீடு வீடாகக் கொண்டுவந்து விட்டீர்கள். நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் 'வீடு சேர்ந்தாள்' என்று ஒரு டிக் இருந்ததை நானே பார்த்தேன். கடைசி டிக் விழும்வரை உங்களில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. அந்த அப்பத்தா கடைசி இரண்டு நாளும் தானே பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, முதலுதவி செய்துகாட்டியவரைக் கேள்வி கேட்டுத் திணறடித்தது தனிக் கதை.

மைதானத்தைக் கேட்டு வாங்கியதும் சாதாரணக் காரியம் இல்லை. அது ஊர் கிரிக்கெட் பையன்களின் ராஜ்ஜியம். விலகச் சொல்லியிருந்தால் அங்கேயே தகராறு ஆகியிருக்கும். உங்கள் தலைவர்களில் ஒருவரான அந்தப் பொருளியல் தம்பி ஒரு காலை முழுக்க அவர்களோடு ஃபீல்டிங் நின்றார். ஆட்டம் முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, "பொண்ணுங்க கபடிக்கு அம்பயர் வேணும், எங்களுக்கு ரூல் தெரியாது" என்றார். அவருக்கு விதி தெரியாது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் மறுநாள் காலை எங்கள் பையன்களே சுண்ணாம்புக் கோடு போட்டு விசிலோடு நின்றார்கள். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் அந்த மைதானத்தில் கபடி ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை, பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு நடந்தது. பிளஸ் டூ படிக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்தீர்கள். பள்ளிச் சான்றில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் முன்னெழுத்தே கிடையாது, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்கும். கேட்கச் சின்ன விஷயம். இதனாலேயே கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நேரத்தில் அலைந்து ஓய்ந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று உண்டு, கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால் அதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இ-சேவையில் பதிந்த மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும், ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் ஆகாது என்று மாசியிலேயே ஓட வைத்தீர்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லேயே வந்துவிட்டது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. இரண்டையும் எங்கள் ஊர் கேள்விப்படாமல் இல்லை. ஆதாரோடு இணைந்த கணக்கு இல்லாவிட்டால் பணம் வந்து சேராது என்பதை உட்கார வைத்துச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

உங்கள் சட்டையில் குத்தியிருந்த நாட்டு நலப்பணித் திட்டச் சின்னமான சக்கரத்தைப் பற்றி ஒரு பொடியன் கேட்டான். கோனார்க் கோயில் தேர்ச் சக்கரம், அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரம் என்று சொன்னீர்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் என்றும் சொன்னீர்கள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் முடித்தால் சான்றிதழ் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்களில் மூன்றாமாண்டு முடித்தவர்களின் மணி நேரம் எப்போதோ நிறைந்துவிட்டது. ஆனாலும் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், அந்த வேதியியல் பிள்ளையும் பொருளியல் தம்பியும் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து நூலகத்தில் உட்கார்ந்தார்கள். திட்ட அலுவலர் அனுப்பவில்லை, கல்லூரி கேட்கவில்லை, போட்டோ எடுக்க ஆளில்லை. அரசு கலைக் கல்லூரிக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் பதிந்து கொடுத்தார்கள். நடுவில் மின்சாரம் போனபோது போன் வெளிச்சத்தில் சான்றுகளை வரிசைப்படுத்தினார்கள். இதற்கு எந்தச் சான்றிதழிலும் இடமில்லை. ஆனால் உங்களை 'தலைவர்கள்' என்று நான் எழுதுவது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

உங்களை அனுப்பி வைத்த கல்லூரி முதல்வருக்கும், குறுக்கே நிற்காமல் உங்களை நம்பி விட்ட திட்ட அலுவலருக்கும் நன்றி. வெளியூரில் ஏழு ராத்திரி தங்க மகள்களை அனுப்பிய பெற்றோருக்கு அதைவிடப் பெரிய நன்றி. முகாமுக்குச் சமைத்த சத்துணவுக்கூட அக்காக்கள் இருவருக்கும், களத்தை ஒட்டிய நிலத்தில் பந்தல் போட விட்டவருக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு தகவல். நீங்கள் பழக்கிவிட்ட பிளஸ் ஒன் பிள்ளையும் பாலிடெக்னிக் தம்பியும் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் நிகழ்ச்சியைத் தொடர்கிறார்கள். நேரம் ஆறரைதான். நோட்டும் போட்டிருக்கிறார்கள், டிக்கும் விழுகிறது. கபடிதான் மழைக்காலத்தில் நின்றுவிட்டது. பொங்கலுக்கு மறுபடி கோடு போட வேண்டும், அதற்கு நீங்கள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலக வாசகர் வட்டத்துக்காக,
செயலாளர்

பி.கு.: சமுதாயக் கூடத்தில் நீங்கள் விட்டுப்போன மூன்று எவர்சில்வர் தட்டு, ஒரு டார்ச் லைட், ஒரு நீலத் துண்டு, ஒற்றைச் செருப்பு (இடது கால்) எல்லாம் நூலக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம் என்று சத்துணவுக்கூட அக்காக்கள் சொல்லச் சொன்னார்கள்.