ஓடி முடித்தவருக்கெல்லாம் சிறுநீரக நோயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வார மருத்துவப் பக்கத்தில், 'சிறுநீரில் புரதம் தென்பட்டால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்' என ஒரு வரி வந்திருந்தது. முன்னும் பின்னும் ஓர் 'ஆனால்' கூட இல்லை. நெடுநாள் வாசகன் என்பதால் மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

ஓட்டப் பயிற்சி தருவது என் தொழில். என் மாணவி ஒருத்தி காலையில் வேகப் பயிற்சியை முடித்த கையோடு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் 'இரண்டு பிளஸ்', அதாவது வழக்கத்தைவிட அதிகம் என்று வந்தது. 'உடற்பயிற்சி செய்தாயா' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வீடே கலங்கிப்போனது. சில நாள் ஓய்வுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவள் வீட்டார் இன்றுவரை அவளை ஓட விடவில்லை. இப்போது உங்கள் கட்டுரையை வேறு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இது புதுச் செய்தியும் அல்ல. கடும் நடைப்பயிற்சிக்குப் பிறகு ஆரோக்கியமான சிப்பாய்களின் சிறுநீரில் அல்புமின் வருவதை ஜெர்மன் மருத்துவர் லாய்பே 1878-லேயே பதிவு செய்துவிட்டார். உடம்பை வருத்தி ஓடும்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, சிறுநீரகத்துக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. அப்போது வடிகட்டி வழக்கத்தைவிட அதிகப் புரதத்தைக் கசியவிடும். அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய நுண்குழாய்களும் திணறும். எவ்வளவு நேரம் ஓடினோம் என்பதைவிட எவ்வளவு தீவிரமாக ஓடினோம் என்பதே முக்கியம். ஓடி முடித்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும் கசிவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

முன்பு வந்த உங்கள் மலையேற்றச் சிறப்பிதழிலும் இதே குறைதான். தலைவலி, வாந்தி எல்லாம் இருந்தது, சிறுநீர் பற்றி ஒரு சொல் இல்லை. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். அந்தக் குறைவே சிறுநீரில் புரதத்தைக் கூட்டும், ஏறும் உழைப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். இறங்கி வந்தவர்களுக்குப் பொதுவாகச் சரியாகிவிடும். அதற்கும் முன்னால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் பற்றிய கட்டுரையில் தசை அதிகமுள்ளவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதை விட்டுவிட்டீர்கள். அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன வாரக் கட்டுரைக்குக் கீழேயே சிறுநீரகத்தைச் 'சுத்தம் செய்யும்' மருந்துக்கு விளம்பரம் வேறு. பயந்துபோன வாசகர் அடுத்து எதைப் படிப்பார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புரதத்தை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஒருவரை நோயாளி ஆக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது அல்புமின் கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வார்கள்.

நான் கேட்பது அதே பக்கத்தில் இரண்டு வரி மட்டும்: பரிசோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம், புரதம் தெரிந்தால் ஓய்வுக்குப் பின், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் மறுபடி பாருங்கள். அடுத்த இதழிலேயே போட்டால் அந்த வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்